ஜப்பானிய பாரம்பரிய டாட்டூ: பொண்ணுங்களுக்குன்னு தனி டிசைன் இருக்கா?

முதுகு முழுக்க ஜப்பானிய பாரம்பரிய டாட்டூ ஒண்ணு போட்டுக்கணும், பொண்ணுங்களுக்குன்னு என்னென்ன டிசைன் இருக்கு, எதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டிருக்கீங்க. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா உடம்போட கடைசி வரைக்கும் வரப்போற விஷயம் இது, ரெண்டு வரில சொல்லிட்டுப் போக மனசு வரல.

நேரா பதில் முதல்ல. ஃபீனிக்ஸ், செர்ரிப்பூ, கெய்ஷாங்கிற ஆடல் பாடல் கலைஞர், பட்டாம்பூச்சி எல்லாம் பொண்ணுங்களுக்கு, டிராகன், புலி, சாமுராய் எல்லாம் ஆம்பளைங்களுக்குன்னு நெட் முழுக்க ஒரு லிஸ்ட் சுத்திட்டிருக்கே, அப்படி ஒரு பிரிவினை இரெசுமில கிடையாது. இரெசுமின்னா முதுகு, தோள், தொடைன்னு பரவி நிக்கிற அந்தப் பெரிய படம். அந்தக் காலத்து எடோ நகரத்துல, அதாவது இப்ப டோக்கியோ, தோள் நிறைய பூ போட்டுக்கிட்டுத் திரிஞ்சவங்க யாருன்னா தீயணைக்கிற ஆளுங்களும் பல்லக்குத் தூக்குறவங்களும் கூலி வேலை பாத்தவங்களும்தான். டிராகன் போட்டுக்கிட்ட பொண்ணுங்களும் உண்டு. ஆனா பொண்ணுங்களே பொண்ணுங்களுக்குப் போட்டுவிட்டு, பொண்ணுங்களுக்கு மட்டுமே சொந்தமா இருந்த டாட்டூ மரபு ஜப்பான்ல நிஜமாவே இருந்துச்சு, அது இரெசுமி கிடையாது. தெக்க ஒகினாவா தீவுகள்லயும் வடக்க ஹொக்கைடோ தீவுல ஐனுங்கிற பழங்குடி மக்கள்கிட்டயும் இருந்தது. அதைப் பத்தி பின்னாடி வரேன், அதை விட்டுட்டு இந்தத் தலைப்பைப் பேசறது தப்புன்னு நினைக்கிறேன்.

இரெசுமி படங்கள் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா அர்த்தம் பாதி புரிஞ்சிடும். 1827 வாக்குல உதகாவா குனியோஷின்னு ஒரு ஓவியர், சுய்கொதென்ங்கிற சீனக் கதைல வர்ற 108 வீரர்களை மரக்கட்டை அச்சு ஓவியமா போட ஆரம்பிச்சார், அதுல நிறைய பேருக்கு உடம்பு பூரா டாட்டூ வரைஞ்சிருந்தார், அதைப் பாத்து எடோ ஜனங்களுக்குப் பைத்தியமே பிடிச்சுப் போச்சு, நமக்கும் அதே மாதிரி வேணும்னு கிளம்பிட்டாங்க. அதனால இந்தப் படம் ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு கதையோ நாடகமோ கோயிலோ இருக்கு. டிராகன்னா சக்தி, மீன்னா விடாமுயற்சின்னு ஒத்த வார்த்தைல அர்த்தம் எழுதி வச்சிருக்கிற சார்ட்டை வச்சு டிசைன் தேர்ந்தெடுக்காதீங்க. எந்தக் கதை உங்களோட கதைன்னு பாருங்க.

அப்படிப் பாத்தா நான் முதல்ல காட்டுறது தமாதோரி ஹிமே. ஷிகொகு தீவுல ஷிதோங்கிற ஊர்ல, கடலுக்குள்ள மூச்சடக்கி மூழ்கி சிப்பி எடுக்கிற பொம்பளைங்கள்ல ஒருத்தி. டிராகன் ராஜா திருடிட்டுப் போன ஒரு அபூர்வ ரத்தின மணியைத் தேடி ஃபுஜிவாரா வம்சத்து பெரிய மனுஷர் ஃபுஹிதோ அந்த ஊருக்கு வர்றார், இவளைக் கல்யாணம் பண்ணிக்கிறார், ஒரு ஆண் குழந்தையும் பிறக்குது. மணியை நான் எடுத்துட்டு வரேன், ஆனா என் பிள்ளையை உங்க வாரிசா ஆக்கணும்னு அவ கேக்குறா. இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு குதிக்கிறா, மணியை எடுத்துடறா, டிராகனும் கடல் பூதங்களும் துரத்துதுங்க, உடனே கையில இருந்த கத்தியால தன் மார்பைத் தானே கிழிச்சு மணியை உள்ள வச்சு மறைச்சுக்கிறா. ரத்தத்தையும் பிணத்தையும் கண்டா அதுங்க கிட்ட வராது. மேல இழுத்தப்ப மணி பத்திரமா இருந்துச்சு, அவ பிழைக்கல. அந்தப் பிள்ளை பெரிய மந்திரியா ஆனான்னு கதை முடியும். ஷிதோஜி கோயில், ஷிகொகு தீவோட 88 கோயில் யாத்திரைல 86ஆவது, இந்தக் கதையோட சேர்ந்த கோயில்தான். முதுகுல போடும்போது தலைமுடி தண்ணில அலைய, ஒரு கையில கத்தி, இன்னொரு கையில மணி, சுத்தி டிராகன் வளைஞ்சு வர்ற மாதிரி வரும். முதுகெலும்போட நீளம் பூரா அந்த டிராகனோட உடம்பு ஓடுறதால பெரிய படத்துக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு. பயந்து ஓடுற பொண்ணு மாதிரி சில இடத்துல வரைஞ்சு வச்சிருப்பாங்க, அதை எடுக்காதீங்க, அவ முகத்துல தீர்மானம் தெரியணும்.

அடுத்தது ஹான்யா. கொம்பு, கோரைப்பல், வாய் காது வரைக்கும் கிழிஞ்ச அந்த முகமூடி. இதைப் பேய்னு நினைச்சு ஆம்பளைங்க போட்டுக்கிறாங்க, ஆனா அது ஒரு பொம்பளையோட முகம். நோன்னு சொல்ற பழைய ஜப்பானிய முகமூடி நாடகத்துல வர்றது, பொறாமையும் துக்கமும் தாங்க முடியாம உருமாறிப் போனவ. முக்கியமா ரெண்டு பேர். ஒருத்தி ரொக்குஜோ சீமாட்டி, காதலன் கைவிட்டதுல உயிரோட இருக்கும்போதே அவ ஆவி மட்டும் கிளம்பிப் போய் அவனோட மனைவியை வாட்டுது. இன்னொருத்தி கியோஹிமே, ஒரு இளம் துறவி ஏமாத்திட்டு ஓடிப்போய் தோஜோஜி கோயில் மணிக்குள்ள ஒளிஞ்சுக்கிறான், இவ பாம்பா மாறி அந்த மணியைச் சுத்திக்கிட்டு உள்ள இருக்கிறவனை அந்தச் சூட்டுலயே கொன்னுடறா. நிறத்துக்கு அர்த்தம் உண்டு, வெளிர் முகம்னா ரொக்குஜோ மாதிரி பெரிய குடும்பத்துப் பெண், சிவக்கச் சிவக்க கோபம் முத்திப்போய் மனுஷத்தன்மை விலகுதுன்னு அர்த்தம்.

நல்ல ஹான்யா முகத்தை ஒரு தடவை உத்துப் பாருங்க. வாய்ப் பகுதியை கையால மறைச்சுட்டு கண்ணையும் நெத்தியையும் மட்டும் பாத்தா அழுதுகிட்டிருப்பா. கண்ணை மறைச்சுட்டு வாயைப் பாத்தா சீறுவா. நெத்தியில மேல ரெண்டு மங்கலான கறுப்புத் திட்டு இருக்கும், அரண்மனைப் பொம்பளைங்க புருவத்தை எடுத்துட்டு மேல வரைஞ்சுக்கிற புருவம் அது, அவ யாரா இருந்தாங்கிறதுக்கு மிச்சம் இருக்கிற அடையாளம். பக்கத்துல கலைஞ்ச முடி நாலைஞ்சு இழை தொங்கும். நடிகர் முகத்தைக் கொஞ்சம் குனிஞ்சா துக்கம், நிமிர்ந்தா வெறி, ஒரே மரத்துண்டு. டாட்டூ ஆர்ட்டிஸ்ட் கொண்டு வர்ற ஸ்கெட்ச்ல இந்தத் துக்கம் இல்லைன்னா அவருக்கு ஹான்யா தெரியல, வேற ஆளைப் பாருங்க. தீய சக்தி அண்டாம இருக்கவும் இதைப் போட்டுக்கிற வழக்கம் இருக்கு, ஆனா எனக்கு இது முதல்ல காயப்பட்ட ஒருத்தியோட முகம்தான்.

பென்சைத்தெனைப் பத்தி நம்ம ஆளுங்களுக்கு நான் கட்டாயம் சொல்லுவேன், ஏன்னா அவங்க நம்ம சரஸ்வதியேதான். பௌத்தத்தோட சீனா வழியா ஜப்பானுக்குப் போனவங்க, வீணைக்குப் பதிலா கையில பீவான்னு ஒரு நரம்பு வாத்தியம். ஆதியில சரஸ்வதி ஒரு நதி இல்லையா, அங்க போயும் தண்ணியை விடல, அவங்க கோயில் எல்லாம் தீவுலயும் ஏரிக்கரையிலயும் ஊத்துப் பக்கத்துலயும்தான், எனோஷிமா, பீவா ஏரிக்குள்ள இருக்கிற சிகுபுஷிமா, அப்புறம் இத்சுகுஷிமா. காலப்போக்குல கல்வி, சங்கீதத்தோட செல்வமும் அவங்க பொறுப்புக்கு வந்துடுச்சு, காமாகுரால ஒரு கோயில்ல ஊத்துத் தண்ணில காசைக் கழுவிட்டுப் போறாங்க, பெருகும்னு நம்பிக்கை. வெள்ளைப் பாம்பு அவங்களோட தூதர். அதனால ஜப்பானிய டாட்டூல பாம்புன்னா உடனே விஷம், துரோகம்னு போகாதீங்க, பாதுகாப்பு, அதிர்ஷ்டம், காசு எல்லாம் அதுல இருக்கு. பீவாவோட பென்சைத்தென், கீழ அலை, பக்கத்துல டிராகனோ வெள்ளைப் பாம்போ, இது பழைய வழக்கமான கோர்வை. போட்டா முதுகுலயோ தோள்லயோ போடுங்க, இடுப்புக்குக் கீழ வேண்டாம், ஜப்பான்ல அவங்களைக் கும்பிடுறவங்க இன்னிக்கும் இருக்காங்க.

பூக்களுக்கு வரேன். பூ தனியா அர்த்தம் சொல்லாது, கூட யார் இருக்காங்கங்கிறதுதான் அர்த்தம். பியோனி, அவங்க போதான்னு சொல்றது, பூக்களுக்கெல்லாம் ராஜா, செல்வம், கம்பீரம். அது கராஜிஷிங்கிற சிங்கத்தோட சேர்ந்து வரும், காரணம் இருக்கு. மிருகங்களுக்கெல்லாம் ராஜாவான சிங்கத்தை வெளியில இருந்து எதுவும் அசைக்க முடியாது, ஆனா அதோட உடம்புக்குள்ளயே வளர்ற பூச்சி அதைத் தின்னே கொன்னுடும், ராத்திரி பியோனி இலையில இருந்து சொட்டுற பனித்துளிதான் அதுக்கு மருந்து, அதனால சிங்கம் பியோனிக்கு அடியிலதான் தூங்குமாம். வெளியில பலமா தெரியுற ஒருத்தங்க உள்ளுக்குள்ள எதோட போராடிட்டிருந்தாலும் இதைவிட நல்ல படம் எனக்குத் தோணல.

சகுரா, அதாவது செர்ரிப்பூ, ஒரு வாரம் பூத்து உதிர்ந்துடும், அழகு நிக்காதுங்கிற நினைப்பு அது, வீரனோட சாவுக்கும் அதைத்தான் சொன்னாங்க. கபுகின்னு சொல்ற ஜப்பானிய மேடை நாடகத்துல ஒரு புகழ்பெத்த கட்டம் இருக்கு, 1862ல முதல்ல மேடையேறினது, ஒரு துணிக்கடைக்கு பெரிய வீட்டுப் பொண்ணு மாதிரி வந்து உக்காந்திருக்கிறது பென்தென் கோஸோங்கிற திருடன், பிடிபட்டதும் பட்டு கிமோனோவைத் தோள்ல இருந்து நழுவ விட்டு டாட்டூவைக் காட்டி நான் யாருன்னு சொல்றான். அந்தத் தோள்ல இருந்தது சகுரா. பூ போட்டா அது பொண்ணுங்க டிசைன்னு சொல்றவங்ககிட்ட இதைச் சொல்லுங்க.

மொமிஜிங்கிற மேப்பிள் இலை இலையுதிர் காலம், ஓடுற தண்ணியோட கெண்டை மீன் படத்துல விழுந்து கிடக்கும். வசந்தத்து சகுராவையும் இலையுதிர் காலத்து மொமிஜியையும் ஒரே உடம்புல கலக்கக் கூடாதுன்னு கண்டிப்பான ஆர்ட்டிஸ்டுகள் சொல்லுவாங்க. பீங்கான்லயும் கிமோனோலயும் ரெண்டையும் வேணும்னே சேர்த்துப் போடுற ஒரு பழைய அலங்காரமும் இருக்கு, அதனால அது வேதவாக்கு இல்ல, ஆனா டாட்டூல ஒரு பருவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா படம் முழுசா இருக்கும்ங்கிறது என் அபிப்பிராயம். செவ்வந்தி நீண்ட ஆயுசு, அதுல 16 இதழ் வச்சது அரச குடும்பத்துச் சின்னம், எண்ணிப் பாத்து மாத்திக்கங்க. ஃபீனிக்ஸை அவங்க ஹோஓன்னு சொல்லுவாங்க, சாம்பல்ல இருந்து எழுந்து வர்ற கதை மேற்கத்திய பறவையோடது, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது, நல்லாட்சி நடக்கிற காலத்துல மட்டும் தரிசனம் தர்ற பறவை இது, பௌலோனியா மரத்துலதான் உக்காரும், மகாராணிக்கும் கல்யாண கிமோனோவுக்கும் உரிய சின்னம். கொக்கு 1000 வருஷ ஆயுசு, ஜோடியா போட்டா தாம்பத்தியம். பட்டாம்பூச்சி ஆத்மா. அப்புறம் அனிமே பாத்துட்டு நிறைய பேர் கேக்குற சிவப்பு ஹிகன்பானா, செப்டம்பர்ல சம இரவு நாள் சமயத்துல சுடுகாட்டு ஓரமா பூக்குறது, செத்தவங்களை நினைக்கிற பூ. இழந்த ஒருத்தரோட நினைவா போட்டுக்கிட்டா ரொம்பப் பொருத்தம், சும்மா அழகுக்குன்னா யோசிங்க.

கெய்ஷா டிசைன் கேக்குறவங்களுக்கு ரெண்டு விஷயம். இடுப்புப் பட்டையோட முடிச்சு முன்னாடி இருந்து, தலையில விசிறி மாதிரி கொண்டை ஊசிகள் நிறைய இருந்தா அது கெய்ஷா இல்ல, ஒய்ரான், யோஷிவாரா தாசித் தெருவோட உயர்ந்த நிலை தாசி. ஒய்ரான் படத்துல கேவலம் ஒண்ணும் இல்ல, எதைப் போட்டுக்கறோம்னு தெரிஞ்சு போட்டுக்கணும், அவ்வளவுதான். தாசிகள்ல ஜிகொகு தயூன்னு ஒருத்தி கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், நரகக் காட்சிகளை வரைஞ்ச கிமோனோவைப் போட்டுக்கிட்டு இருந்தவ, இக்யூங்கிற ஜென் துறவியைச் சந்திச்சு ஞானம் அடைஞ்சவ. ரெண்டாவது, கழுத்துப் பட்டி. கிமோனோல போட்டுக்கிட்டவங்களோட இடது பக்கத் துணிதான் மேல வரணும், வலது பக்கம் மேல வந்தா அது பிணத்துக்கு உடுத்துற முறை. ஸ்டென்சிலை ஆர்ட்டிஸ்ட் கண்ணாடி பிம்பமா திருப்பிட்டா உங்க தோள்ல இருக்கிறது செத்துப் போனவ ஆகிடுவா. ஊசி படுறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை செக் பண்ணுங்க. அதே மாதிரி முன்கையைச் சுத்தி வெறுமனே ரெண்டு கறுப்பு வளையம் வேண்டாம், 1720 வாக்குல இருந்து எடோல திருடங்களுக்கு தண்டனையா குத்தின அடையாளம் அது.

அந்த யோஷிவாரா மாதிரி தெருக்கள்ல நிஜமா பொண்ணுங்க குத்திக்கிட்டது என்னன்னா ரொம்பச் சின்னது. காதலனோட கையைக் கோத்துப் பிடிச்சா அவன் கட்டைவிரல் நுனி படுற இடத்துல மச்சம் மாதிரி ஒரு புள்ளி, அவனும் அதே இடத்துல ஒண்ணு வச்சுப்பான். இல்லைன்னா கையில அவன் பேரும் அதுக்குக் கீழ உயிர்னு ஒரு எழுத்தும். ஆள் மாறினா மூலிகையைக் கொளுத்தி சூடு வச்சு அழிக்கணும், அந்த வலியும் அவளோடதுதான்.

இப்ப ஒகினாவா. அங்க ஹாஜிச்சின்னு பேரு. விரல் மேல, புறங்கையில, மணிக்கட்டுல நீலக்கறுப்பா வட்டம், அம்பு முனை, நட்சத்திரம், சதுரம். 16ஆம் நூற்றாண்டுலயே சீனத் தூதர் எழுதி வச்சிருக்கார். சின்ன வயசுல ஒண்ணு ரெண்டு புள்ளில ஆரம்பிச்சு கல்யாணம் ஆகுற சமயத்துல முழுசாகும். தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, மையை அவாமோரி சாராயத்துல குழைச்சு, அதுல கைதேர்ந்த பொம்பளைங்க குத்திவிடுவாங்க. தீவுக்குத் தீவு டிசைன் வேற, கையைப் பாத்தே எந்த ஊர்க்காரின்னு சொல்லிடலாம். விட்ட அம்பு திரும்பாது, கட்டிக் கொடுத்த பொண்ணும் பிறந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டாங்கிறது அம்பு முனைக்கு ஒரு விளக்கம். ஹாஜிச்சி இல்லாம செத்தா மேலுலகத்துல கஷ்டப்படணும்னு நம்பினாங்க. ஜப்பான் ராஜ்ஜியம் அந்தத் தீவுகளைச் சேர்த்துக்கிட்ட பிறகு 1899ல தடை போட்டது. நேத்து வரைக்கும் பெருமையா நீட்டின கை, போட்டோ எடுக்கும்போது துணிக்குள்ள ஒளிச்சுக்க வேண்டிய கையா ஆகிப் போச்சு. அதை நினைச்சா எனக்கு இன்னும் மனசு கொதிக்குது.

ஐனு பொம்பளைங்களுக்கு வாயைச் சுத்தி. பெர்ச் மரப்பட்டையை எரிச்சு சட்டி அடியில படியுற கரியை எடுத்து, சின்னக் கத்தியால மெல்லிசா கீறி அதுல தேய்ப்பாங்க, முன்னெல்லாம் எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன் கல்லால கீறினாங்க. பாட்டியோ தாய் வழிப் பெரியம்மா சித்தியோதான் செய்வாங்க. மேல் உதட்டுல சின்னதா தொடங்கி வருஷா வருஷம் அகலமாகி, முழுசானா கல்யாணத்துக்குத் தயார். கைகள்லயும் பின்னல் மாதிரி கோடுகள் உண்டு. 1871ல அப்ப ஜப்பானை ஆண்ட மெய்ஜி அரசு இதையும் தடை பண்ணுச்சு, முறைப்படி முழுசா போட்டுக்கிட்ட கடைசி பெண்மணி 1998ல காலமானாங்க. 2013ல ஐனு மக்களோட ஊரான அதே ஹொக்கைடோல, பழங்குடி மொழிகள் மாநாட்டுக்கு வந்த ஒரு மாவோரி, அதாவது நியூசிலாந்து பழங்குடிப் பெண்மணியை, அவங்க மரபுப்படி முகத்துல டாட்டூ இருக்குன்னு ஒரு வெந்நீர்க் குளியல் விடுதில உள்ள விடல.

இந்த ரெண்டையும் கேட்டலாக்ல இருந்து எடுக்கிற மாதிரி எடுத்துப் போட்டுக்காதீங்க. அது ஒருத்தியோட ஊர், குடும்பம், வயசு, கல்யாணம் எல்லாத்தையும் சொல்ற விஷயம், பறிக்கப்பட்டது, இப்பதான் ஒகினாவா வம்சாவளிப் பொண்ணுங்க திரும்ப கையால குத்த ஆரம்பிச்சிருக்காங்க, அதுல சிலர் தங்க வம்சத்தவங்களுக்கு மட்டும்தான் போடுவேன்னு சொல்றாங்க, அது நியாயம். இரெசுமி அப்படி இல்ல, வெளிநாட்டுக்காரங்களுக்கு நூறு வருஷத்துக்கும் மேல போட்டுவிட்டுட்டுதான் இருக்காங்க, கதை தெரிஞ்சு மரியாதையோட போட்டுக்கிட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

கடைசியா நடைமுறை. நம்ம மாநிறத் தோலுக்கு இந்த ஸ்டைல் நல்லா நிக்கும், ஏன்னா இதுல அடிப்படையே கனமான கறுப்புக் கோடும் கறுப்பு ஷேடிங்கும்தான். வெளிர் ரோஸும் மஞ்சளும் எடுபடாது, சிவப்பு எடுபடும், சகுராவை நிறத்தால காட்டாம கறுப்பு அலைக்கு நடுவுல தோலையே வெறுமையா விட்டுக் காட்டச் சொல்லுங்க. தழும்பு தடிச்சு வளர்ற வாகு உள்ளவங்க ஸ்கின் டாக்டரைக் கேக்காம இறங்காதீங்க. சின்னச் சின்னதா அங்க ஒண்ணு இங்க ஒண்ணு ஒட்டாம, அலை, காத்து, மேகம் எல்லாம் சேர்ந்த பின்னணியோட முழுப்படமா முதல்லயே திட்டம் போடுங்க, மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல ஆகும், செலவும் ஆகும். தெபோரின்னு சொல்ற கைக்குச்சி முறையும் இன்னும் இருக்கு, கோட்டை மெஷின்ல போட்டுட்டு ஷேடிங்கை மட்டும் கையால செய்யுறவங்களும் இருக்காங்க. போதை ஏறினா மட்டும் தோல்ல தெரியுற வெள்ளை மை டாட்டூன்னு யாராவது சொன்னா அது கதைல வர்றது, நம்பிப் பணம் கொடுக்காதீங்க.

ஜப்பான் போற எண்ணம் இருந்தா இதையும் தெரிஞ்சுக்கங்க. 1872ல போட்ட டாட்டூ தடை 1948ல போச்சு, டாட்டூ போட டாக்டர் லைசென்ஸ் தேவையில்லைன்னு 2020ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு, ஆனா யாகுசாங்கிற குற்றக் கும்பல் நினைப்புல பொதுக் குளியல் இடங்கள்ல இன்னும் தயக்கம் இருக்கு. 2015ல ஜப்பான் சுற்றுலாத் துறை கேட்டப்ப, பதில் சொன்ன விடுதிகள்ல சுமார் 56 சதவீதம் டாட்டூ இருந்தா அனுமதி இல்லைன்னுதான் சொல்லியிருக்கு. சின்னதுன்னா ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சுட்டுப் போகலாம்னு சில இடத்துல விடுவாங்க, முதுகு பூரா இருந்தா அது நடக்காது, கஷிகிரின்னு ஒரு மணி நேரத்துக்குத் தனியா வாடகைக்கு விடுற குளியலறை இருக்கிற விடுதியா பாத்து புக் பண்ணுங்க.